வெள்ளைக் கோடு போட்ட நெஞ்சுக்கறியும் ரப்பர் மாதிரி இழுத்த நாட்டுக்கோழியும்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். கடையில் வாங்கிய பிராய்லர் நெஞ்சுக்கறியில் நீளவாக்கில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் இருந்தன. ஒரு துண்டு வெந்த பிறகும் மரக்கட்டை மாதிரி இருந்தது. பயந்துபோய் அடுத்த வாரம் இரண்டு மடங்கு விலை கொடுத்து நாட்டுக்கோழி வாங்கினீர்கள், அது ரப்பர் மாதிரி இழுத்தது. இப்போது காடைக்கே மாறிவிடலாமா என்று வீட்டில் பேச்சு. "ஊசி போட்டு வளர்ப்பதால்தானே இப்படி ஆகிறது?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்குப் படுவது, நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: நல்ல கறி, கெட்ட கறி என்பதை எது முடிவு செய்கிறது, அதைக் கடையில் நின்று எப்படிக் கண்டுகொள்வது? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படித்து, இறைச்சி அறிவியலில் மேற்படிப்பு முடித்தவன். இருபது வருடங்களுக்கு மேலாகக் கோழிப் பண்ணைகளிலும் கறி பதப்படுத்தும் ஆலைகளிலும் வேலை. அதனால் கறியைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கும் பிராய்லருக்கும் தொடர்பு உண்டா என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். அது மனித மருத்துவம், அதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்பதுதான் சரி.

ஊசி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1940-களில் அமெரிக்காவில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனைச் சிறு வில்லையாகச் சேவலின் கழுத்துத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். சேவல் கொழுத்தது, கறி மென்மையானது. 1959-இல் அங்கே கோழிக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். இன்றைய பிராய்லர் வளர்வதற்கு ஹார்மோன் காரணம் இல்லை, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் குடலிலேயே செரித்துப் போய்விடும். ஊசியாகப் போட வேண்டுமென்றால் ஐயாயிரம் கோழி இருக்கும் கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் கூலிக்கு வளர்த்துத் தரும் பல்லடம் பக்கத்து ஒப்பந்தப் பண்ணைக்காரர் யாரும் அதைச் செய்ய முடியாது. பண்ணையில் குஞ்சுக்குப் போடுவது தடுப்பு மருந்து. வெள்ளைக்கழிச்சல், கம்போரோ என்ற கோழி நோய்கள் வராமலிருக்கக் கண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள், அல்லது குடிதண்ணீரில் கலப்பார்கள். அதைப் பார்த்தவர்கள் சொன்னதுதான் ஊரெல்லாம் "ஊசி" ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் ஐந்து, ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எப்படி வருகிறது? இனத் தேர்வால் வருகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2014-இல் வெளியிட்டார்கள். 1957-இலிருந்தும் 1978-இலிருந்தும் மாற்றாமல் பாதுகாத்து வந்த இரண்டு பழைய கோழி இனங்களையும், 2005-இல் விற்பனையில் இருந்த ராஸ் 308 இனத்தையும் சேர்த்து, ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56-ஆம் நாள் எடை: 1957 கோழி 905 கிராம், 1978 கோழி 1,808 கிராம், 2005 கோழி 4,202 கிராம். தீவனம் ஒன்று, கவனிப்பு ஒன்று, மாறியது பரம்பரை மட்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளர்ந்ததை, நெஞ்சு பெருத்ததை மட்டும் தாய்க்கோழியாக வைத்துக்கொண்டே வந்ததன் பலன் அது. அந்த மூன்று கோழிகளையும் அருகருகே வைத்து எடுத்த படத்தைப் பார்த்தால் ஒரே வகைப் பறவை என்றே நம்பத் தோன்றாது.

உங்கள் வெள்ளைக் கோட்டுக்கு வருவோம், அது இந்த வேகத்துக்குக் கோழி கொடுக்கும் விலை. கோழியின் நெஞ்சுத் தசை நாரெல்லாம் அநேகமாக ஒரே வகை: வெள்ளை நார், சட்டென்று சக்தி எடுக்கும், சீக்கிரம் களைத்துப் போகும். நார்கள் தடித்துக்கொண்டே போகும்போது, இடையில் ஓடும் மெல்லிய ரத்த நாளங்கள் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. ஆக்சிஜன் போதாமல் சில நார்கள் அழிகின்றன. அந்த இடத்தில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் வந்து உட்காருகின்றன. கொழுப்பு நார்களோடு வரிசையாக உட்கார்ந்தால் வெள்ளைக் கோடு. இணைப்புத் திசு அதிகமானால் துண்டே மரமாகிவிடும். இதை 'மர நெஞ்சு' என்றே துறையில் சொல்கிறோம். பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் அதன் திசு மாற்றங்களை விரிவாகப் பதிவு செய்த பிறகு உலகம் முழுவதும் இதைப் பற்றிய ஆராய்ச்சி வேகமெடுத்தது.

ஆலையில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதை நான் காட்டும் விதம் எளிது. எலும்பு நீக்கிய முழு நெஞ்சுத் துண்டை ஒரு முனையில் பிடித்துக் கிடையாக நீட்டச் சொல்வேன். நல்ல துண்டு ஈரத்துண்டு மாதிரி கையில் தொய்ந்து தொங்கும். மர நெஞ்சு ஸ்கேல் மாதிரி விறைத்து நிற்கும். கட்டைவிரலால் அழுத்தினால் தலைப்பக்கம் மேடாக, கெட்டியாக இருக்கும். மேலே பிசுபிசுவென்று ஒரு திரவம் படிந்திருக்கும், சில துண்டில் ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகள். ஒரு முறை தொட்டுப் பார்த்த பிள்ளை அப்புறம் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடும்.

அது நோய்க்கிருமியால் வந்தது இல்லை, அதைச் சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதல் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் கறியாகத் தரம் குறைந்ததுதான். கொழுப்பு கூடும், புரதம் குறையும், உப்போ மசாலாவோ சரியாகப் பிடிக்காது, வேகும்போது தண்ணீர் விட்டுச் சுருங்கும். எடை கூடக்கூட இது அதிகமாகிறது. மூன்று, நான்கு கிலோ வரை வளர்த்து எலும்பில்லாக் கறியாக விற்கும் நாடுகளில் பெரிய தலைவலி. நம் ஊரில் இரண்டு கிலோ பக்கத்திலேயே அறுத்துவிடுவதால் மோசமான துண்டுகளை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். மெல்லிய கோடுகள் மட்டும் இங்கேயும் சாதாரணம். ஆகவே கடையில் பெரிய கோழியாகத் தேடாதீர்கள். ஒன்றரைக் கிலோ, ஒன்றே முக்கால் கிலோ உயிர் எடையில் ஒரு கோழி போதும். குடும்பம் பெரிதென்றால் சின்னதாக இரண்டு வாங்குங்கள். தீவனத்தில் எதைக் கூட்டிக் குறைத்தால் மர நெஞ்சு வராது என்று நிறைய சோதனைகள் நடந்திருக்கின்றன. முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வளர்ச்சியை மெதுவாக்கினால் குறைகிறது என்பது மட்டும் திரும்பத் திரும்ப உறுதியாகிறது. பிரான்சில் 'லேபல் ரூஜ்' முத்திரை பெற வேண்டுமென்றால் மெதுவாக வளரும் இனமாக இருக்க வேண்டும், குறைந்தது 81 நாள் வளர்த்திருக்க வேண்டும். 1960-களிலிருந்து நடக்கும் ஏற்பாடு அது. விலை கூடத்தான், ஆனாலும் அங்கே மக்கள் வாங்குகிறார்கள்.

அப்போ நாட்டுக்கோழி ஏன் ரப்பர் ஆனது? இங்கே காரணம் வேகம் இல்லை, வயது. தசை நார்களைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன். இளம் கோழியில் கொலாஜன் இழைகள் தளர்வாகக் கோத்திருக்கும், கொஞ்சம் சூடு பட்டாலே கரைந்து பசையாகிவிடும். வயது ஏற ஏற இழைகளுக்கு நடுவே குறுக்குப் பின்னல்கள் விழுந்து இறுகுகின்றன, பிறகு சாதாரணக் கொதியில் கரையாது. ஏழெட்டு மாதச் சேவலை பிராய்லர் மாதிரி இருபது நிமிடத்தில் இறக்கினால் இழுக்கத்தான் செய்யும். அது கோழியின் குறை இல்லை, அடுப்பில் இருந்த நேரத்தின் குறை. மெதுவாக வளர்ந்த, ஓடித் திரிந்த பறவையின் தொடைக்கறிக்கு ஒரு அடர்த்தியான ருசி உண்டு. அந்த ருசிக்கும் கெட்டித்தன்மைக்கும் வேர் ஒன்றே. ஒன்றை வேண்டி இன்னொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கடையில் நாட்டுக்கோழி என்ற பெயரில் இன்று பல வகை விற்கிறது. அசல் சிறுவிடை, பெருவிடை இருக்கிறது. வனராஜா, கிராமப்பிரியா போல அரசு ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய வண்ணக் கலப்பினங்கள் இருக்கின்றன. முட்டை நின்றுபோன பழுப்பு நிற முட்டைக்கோழியையும் அந்தப் பெயரில் கூண்டில் பார்த்திருக்கிறேன். கலப்பினம் மோசம் என்று சொல்ல மாட்டேன், மூன்று மாதக் கலப்பினச் சேவல் சமைக்கச் சுலபம், ருசியும் நன்றாகவே இருக்கும். ஆனால் எது எது என்று சொல்லி விற்க வேண்டும். இறகின் நிறத்தை வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். வயதைக் கண்டுபிடிக்க இரண்டு இடம் போதும். சேவலின் கால் முள் வெறும் மொட்டாக இருந்தால் இளசு, நீண்டு கூராக இருந்தால் முற்றல். இன்னொன்று நெஞ்செலும்பின் பின்முனை, வயிற்றுப் பக்கம் முடியும் இடம். விரலால் அழுத்தினால் காது மடல் மாதிரி வளைந்தால் இளம் கோழி. வளையாமல் எலும்பாகவே இருந்தால் வயதானது. உரித்த கோழியிலும் இதைப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னது பண்ணையில் முடிவாகும் தரம். என் அனுபவத்தில் அதே அளவு முக்கியம் கோழியின் கடைசி ஒரு நாள். இதைப் பற்றித்தான் யாருமே கேட்பதில்லை. உயிரோடு இருக்கும் தசையின் பிஹெச் 7.2 பக்கம் (பிஹெச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் கூடியிருக்கிறது). அறுத்த பிறகு ரத்த ஓட்டம் நின்று, தசையில் சேமித்து வைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து லாக்டிக் அமிலமாக மாறுகிறது. சில மணி நேரத்தில் பிஹெச் மெதுவாக 5.8 பக்கம் இறங்கி நின்றால் நல்ல கறி. உடம்புச் சூடு ஆறும் முன்பே சடாரென்று இறங்கினால் புரதம் கெட்டுவிடும். கறி வெளுத்து, தளர்ந்து, தண்ணீர் விடும்.

பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் ஆலைக்கு மே மாதத்தில் ஒரு லோடு வந்தது. இரவில் ஏற்றி விடியும் முன் இறக்க வேண்டியது, வண்டி வழியில் பழுதாகி மதியம் ஒரு மணி வரை வெயிலில் நின்றுவிட்டது. கொஞ்சம் கோழிகள் வண்டியிலேயே செத்திருந்தன. மீதியை அன்று அறுத்தே ஆக வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. அறுத்துப் பதினைந்து நிமிடத்தில் நெஞ்சுக்குள் பிஹெச் மீட்டர் முனையைச் செருகினேன், 6-க்குக் கீழே காட்டியது. கறி இன்னும் கைக்குச் சுடச்சுட இருந்தது. மறுநாள் அந்தத் துண்டுகளை அடுக்கி வைத்த தட்டில் வெளிர் சிவப்பில் தண்ணீர் தேங்கி நின்றது. அதே பண்ணையிலிருந்து முந்தின வாரம் வந்த லோடு அருமையான கறி. இனம் அதே, தீவனம் அதே. நடுவில் ஏழெட்டு மணி நேர வெயில் மட்டும்தான் வித்தியாசம். அந்தப் பறவைகள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கிளைகோஜன் தீர்ந்துபோனால் இதற்கு நேர் மாறாக நடக்கும். தோட்டமெல்லாம் விரட்டி விரட்டிப் பிடித்த கோழியிடம் தசையில் எரிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. அமிலம் போதிய அளவு உருவாகாது, கறி கருத்து, வறண்டு, சீக்கிரம் கெடும். துரத்தி வேட்டையாடிய காட்டுப் பறவை, விலங்குக் கறியிலும் இந்தக் குறையைப் பார்க்கலாம். எங்கள் அப்பாயி விருந்துக்கு முந்தின இரவே கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துவிடுவார். தண்ணீர் மட்டும் வைப்பார், தீனி கிடையாது. காலையில் அரவமில்லாமல் எடுத்துக் கொடுப்பார். ஆலைகளிலும் அறுப்பதற்கு முன் 8 முதல் 12 மணி நேரம் தீவனத்தை நிறுத்துகிறோம். இரைப்பை நிறைந்திருந்தால் குடல் கிழிந்து கறி அசுத்தமாகும். அதைவிட நேரம் நீண்டால் குடல் சுவர் நைந்துபோய் அதுவும் எளிதில் கிழியும். பஞ்சாரத்தில் ஓர் இரவு என்பது அந்தக் கணக்குக்குள் அழகாக உட்காருகிறது.

இன்னொரு விஷயம், கண் முன்னால் அறுத்த கோழி. நம் மக்களுக்கு அதில்தான் நம்பிக்கை, காரணமும் இருக்கிறது. ஆனால் அறுத்துப் பத்து நிமிடத்தில் வெட்டும்போது பலகையில் துண்டுகள் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தசை இன்னும் விறைப்புக்குப் போகவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எலும்பிலிருந்து பிரித்தால், பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் தசை சுருங்கி இறுகிவிடும். அதனால்தான் நெஞ்சை எலும்பிலிருந்து எடுப்பதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் குளிரில் காத்திருக்க வேண்டும் என்பது ஆலை வழக்கம். எலும்போடு குழம்பு வைத்தால் உங்களுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எலும்பில்லாமல் பொரிக்க, கிரில் செய்யப் போகிறீர்கள் என்றால், முழுக் கோழியாக உரித்து வாங்கி, மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நான்கைந்து மணி நேரம் வைத்துவிட்டு வீட்டில் வெட்டுங்கள்.

காடை விஷயம். பண்ணைக் காடை ஜப்பானியக் காடை. 1970-களில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து இங்கே பரப்பினார்கள். உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்துக்கு அதில் பெரிய பங்கு. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று நமக்கு ஏற்ற வகைகளை உருவாக்கியது. ஐந்து வாரத்தில் இருநூறு கிராம் பக்கம் வந்துவிடும். அதன் நெஞ்சுக்கறி கோழியைவிட நிறத்தில் அடர்ந்திருக்கும். பறக்கும் பறவையின் தசை என்பதால் சிவப்பு நார்களும் கலந்திருப்பதுதான் காரணம். ருசியின் அழுத்தமும் அங்கிருந்துதான். இளம் பறவை என்பதால் சீக்கிரம் வெந்துவிடும். கொஞ்சம் கவனம் பிசகினால் வறண்டும் போகும். தாராளமாக வாங்குங்கள், ஆனால் கோழிக்கறியில் இல்லாத ஏதோ மருத்துவ குணம் அதில் இருப்பதாக நினைத்து வாங்க வேண்டாம். காட்டுக் காடை, கவுதாரி என்று சாலையோரம் யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பது குற்றம். மேலும் அந்தப் பறவை எத்தனை மணி நேரம் சூட்டில் கிடந்தது, எதைத் தின்றது என்று யாருக்கும் தெரியாது. மத்தியதரைக்கடல் பகுதியில் வலசை போகும் காட்டுக் காடையைத் தின்று தசை நொந்து படுத்தவர்களைப் பற்றிப் பழங்காலம் தொட்டே குறிப்புகள் உண்டு. பிரிட்டனில் வேட்டையாடிய பெசன்ட் பறவையைக் குடல் எடுக்காமலே நாள் கணக்கில் தொங்கவிட்டு ருசி ஏற்றுவார்கள். அது அவர்கள் குளிருக்குச் சரி. நம் வெயிலில் யாரும் முயல வேண்டாம்.

சத்து விஷயத்தில்தான் விற்பனைப் பேச்சு அதிகம். தோல் நீக்கிய நெஞ்சுக்கறியை எடுத்துக்கொண்டால் பிராய்லர், நாட்டுக்கோழி, காடை மூன்றிலும் புரதம் பெரிதாக மாறாது. கொழுப்பில் வித்தியாசம் உண்டு, அதுவும் பெரும்பாலும் தோலுக்கு அடியிலும் வயிற்றிலும் இருப்பது. மத்தியப் பிரதேசத்தின் கறுங்கோழி இனமான கடக்நாத்தின் கறுப்பு, மெலனின் என்ற நிறமியால் வருவது. அங்குள்ள ஜாபுவா வட்டாரத்தின் கடக்நாத் கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த இனத்தைக் காப்பாற்ற அது நல்ல காரியம். நோய் தீர்க்கும் கறி என்று சொல்வதை அப்படியே நம்ப ஆதாரம் போதாது. வெளியே மேய்வதாலேயே ருசி கூடுகிறதா என்பதும் முடிவாகாத விஷயம். சில ஆய்வில் கூடுகிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. மேய்ந்த கோழி பொதுவாக வயதும் கூடியதாக இருப்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு: ஆன்டிபயாடிக். ஊசிப் பயத்தில் செலவாகும் கோபத்தில் பாதி இதற்கு வந்தால் நன்றாக இருக்கும். மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்க வேண்டிய கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019-இல் இந்திய அரசு தடை விதித்தது, சரியான முடிவு. மருந்து கொடுத்த கோழியை எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு உண்டு. அதைப் பண்ணை கடைப்பிடித்ததா என்று கறியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, என்னாலும் முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். நாட்டுக்கோழி, காடை என்பதாலேயே மருந்து படாதது என்றும் சொல்ல முடியாது. கடைக்காரரிடம் எந்தப் பண்ணைக் கோழி என்று கேளுங்கள். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் அவர் பண்ணைக்காரரிடம் கேட்பார்.

நீங்கள் போட்ட படத்தை வைத்துப் பார்த்தால் கோடுகள் மெலிதாகத்தான் தெரிகின்றன. அந்தக் கெட்டித் துண்டு மர நெஞ்சுதானா என்று படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன், தொட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் அது. அடுத்த முறை அப்படி வந்தால் தூக்கிப் போட வேண்டாம். பொடியாகக் கொத்தி வறுவலோ கட்லெட்டோ செய்யுங்கள். நார் அறுபட்டுவிட்டால் கெட்டித்தன்மை பெரிதாகத் தெரியாது. ஃப்ரீசரில் மீதி வைத்திருப்பதாகச் சொன்ன அந்த நாட்டுக்கோழியை முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைநிலை போக விடுங்கள். மஞ்சள், உப்பு, துளி பப்பாளிக்காய் விழுது தடவி அரை மணி நேரம் வைத்தால் போதும், அதற்கு மேல் வைத்தால் மேல்பக்கம் மாவாகிவிடும். பிறகு குக்கரில் தண்ணீர் விட்டு, முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து இருபத்தைந்து நிமிடம். திறந்ததும் தொடை எலும்பின் முனையிலிருந்து தசை தானாக விலகி மேலேறியிருந்தால் வெந்துவிட்டது, மசாலா சேர்க்கலாம். விலகவில்லை என்றால் மூடி இன்னொரு பத்து நிமிடம் வையுங்கள்.